சர்க்கரை வருவதற்கு முன்பே விழித்துக்கொள்வோம்

(நமது அறக்கட்டளை குடும்பங்களுக்காக நடத்திய மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில் நமதூர்ப் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 

முதலில் என் உம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது உம்மாவின் பின்கழுத்து கறுக்கத் தொடங்கியது. அழுக்குப் படிந்ததுபோல இருக்கும். தொட்டால் கொஞ்சம் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். சங்கிலி உரசிக் கறுத்துவிட்டது என்று ராத்தா சொன்னார். வெள்ளிக்கிழமைக் குளியலின்போது பாசிப்பயறு மாவும் எலுமிச்சையும் வைத்து நான்தான் தேய்த்து விடுவேன். தோல் சிவந்ததே தவிர, கறுப்பு போகவில்லை.

பன்னிரண்டு வருடம் கழிந்தது. உம்மாவின் காலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. அப்போதுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். சுகர் 340 இருந்தது. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அந்த நேரத்தில் நான் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டேன். அந்தக் கழுத்துக் கறுப்பின் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். ஆனால் என் உம்மாவின் கழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. 'உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை' என்று உடம்பு சொல்லும் முன்னறிவிப்பு. பன்னிரண்டு வருடம் அது சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். இன்று நான் பேச வந்தது அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பற்றித்தான். சுகர் வந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். வருவதற்கு முன்னால் இருக்கும் காலத்தில்தான் நம் கையில் அதிகம் இருக்கிறது.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இடியாப்பம், பரோட்டா எல்லாம் வயிற்றுக்குள் போய் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போக வேண்டும். அதற்குக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கூப்பிட்டால் தசை சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும்.

தெருவில் விளையாடும் பிள்ளையை உம்மா கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு சத்தத்துக்கு ஓடி வருவான். நாளாக நாளாகக் காதில் வாங்க மாட்டான். உம்மா இரண்டு தடவை, ஐந்து தடவை, பத்து தடவை கத்த வேண்டும். கடைசியில் வந்துவிடுவான். ஆனால் உம்மாவுக்குத் தொண்டை போய்விடும்.

இதைத்தான் டாக்டர்கள் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, தசையும் ஈரலும் இன்சுலினின் சத்தத்தைக் காதில் வாங்குவதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் சுகர் டெஸ்ட் பல வருடம் நார்மல் என்றே வரும். நமக்கும் நிம்மதி. ஒருநாள் கணையம் களைத்துப்போகும். அன்றுதான் சர்க்கரை நோய் என்று சீட்டில் எழுதுவார்கள். நோய் அன்று தொடங்கியதல்ல.

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இந்த மண்டபத்திலும் அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள்

வீட்டில் தையல் டேப் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் கவனம் தேவை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பவர்களும் 'நான் குண்டு இல்லையே' என்று இருந்துவிடக்கூடாது.

பின்கழுத்திலும் அக்குளிலும் கறுப்பு, கழுத்தில் சிறு சிறு மரு, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது, சினைப்பையில் நீர்க்கட்டி, கர்ப்ப காலத்தில் சுகர் இருந்தது, உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ சுகர் இருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் இரத்தம் பார்த்துவிடுங்கள்.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நார்மல். 100 முதல் 125 வரை வாசற்படி. 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டில் 5.7க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5ம் அதற்கு மேலும் நோய். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் டெஸ்ட் இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். வரும்போது 'எங்களுக்கு ஒன்றுமில்லை' என்று கதவைச் சாத்தாதீர்கள்.

ஒரு வார்த்தை உம்மாமார்களுக்கு. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்ணின் கழுத்து கறுத்திருந்தால், நாளை பெண் பார்க்க வருவார்களே என்று வெள்ளையாக்கும் கிரீம் வாங்கித் தேய்க்கிறோம். என் உம்மாவுக்கு நான் தேய்த்த மாவும் இந்தக் கிரீமும் ஒன்றுதான். கிரீம் வாங்கும் காசில் ஒரு முறை இரத்தம் பாருங்கள். அந்தப் பிள்ளை நாளை தாயாகப் போகிறவள். இப்போதே கவனித்தால் அவளுக்கும் நல்லது, அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்கும் நல்லது.

திரும்பி வர முடியுமா?

முடியும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டை ஒழுங்கு செய்து, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. அதில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோதான்.

நடந்தால் யாருக்கும் வராது என்று நான் சொல்லவில்லை. சென்னை ஆய்விலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் வர இருந்த பலருக்கு வரவில்லை. வருகிறவர்களுக்கும் பல வருடம் தள்ளிப்போவது சின்ன விஷயமல்ல. என் உம்மாவுக்குத் தள்ளிப்போயிருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்கும்.

எனக்கும் 37 வயதில் எச்பிஏ1சி 6.0 வந்தது. அன்று முதல் நான் என் வீட்டில் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தேநீர்

ஒரு கப்புக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளைக்கு நான்கு கப். அதுவே 40 கிராம். ஓர் ஆளுக்கு மாதம் 1 கிலோ 200 கிராம்! சேர்க்கப்படும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிஸ்கட், சர்பத், ரோஸ்மில்க் எல்லாம் இதற்கு மேல்.

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டால் பரவாயில்லையா என்று எப்போதும் கேட்பார்கள். அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தேனின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. சிறப்பான பொருளையும் அளவோடுதான் எடுக்க வேண்டும்.

சோற்றுத் தட்டு

சோற்றை விடச் சொன்னால் நாளை முதல் யாரும் என் கிளினிக் பக்கம் வர மாட்டீர்கள். தட்டை மனத்துக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டு காய்கறியும் கீரையும். கால் தட்டு மீன், முட்டை, கோழி, பருப்பு, சுண்டல் போன்றவை. மீதிக் கால் தட்டு சோறு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்கறிக் கணக்கில் வராது. அவை சோற்றின் தங்கச்சி. நமதூரில் மீனுக்குக் குறைவில்லை. பொரிப்பதைக் குறைத்து ஆணமாக வைத்தால் மீனைப் போல நல்ல உணவு குறைவு.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் காய், பிறகு மீன் அல்லது கறி, கடைசியில் சோறு. அதே சாப்பாடுதான், ஆனால் சர்க்கரை திடீரென்று ஏறாது. காலையில் ஐந்து இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுச் சாப்பிடுவதற்குப் பதில், இரண்டை முட்டை ஆணத்தோடோ கடலைக் கறியோடோ சாப்பிடுங்கள். பழத்தை ஜூஸ் போடாமல் கடித்துத் தின்னுங்கள். கேழ்வரகு, தினை என்றால் கணக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அவற்றுக்கும் அளவு உண்டு. கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த அளவு நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கல்யாண வீட்டுச் சஹனில் உட்கார்ந்தால் அந்த மூன்று பங்கும் நெய்ச்சோற்றுக்கே போய்விடுகிறது. சஹனில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது. அதனால் கறியையும் கத்தரிக்காயையும் முதலில் எடுங்கள், சோற்றைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒதுக்குங்கள். வட்டிலப்பம் வந்தால் இரண்டு வாய் போதும். விருந்து வீட்டாருக்கும் ஒரு கோரிக்கை: வேண்டாம் என்பவரின் தட்டில் 'ஒரு கரண்டிதானே' என்று வைக்காதீர்கள்.

மிச்சச் சோறு யாருக்கு?

நம் வீடுகளில் கடைசியில் சாப்பிடுவது உம்மாதான். சட்டியில் இரண்டு அகப்பை சோறு மிஞ்சியிருக்கும். பிள்ளையின் தட்டில் பாதி பரோட்டா கிடக்கும். வீண் விரயம் பாவமாயிற்றே என்று அதையும் அவரே சாப்பிடுவார். காய் தீர்ந்திருக்கும், மீன் தீர்ந்திருக்கும். சோறு மட்டும் இருக்கும். என் உம்மா முப்பது வருடம் அப்படித்தான் சாப்பிட்டார்.

விரயம் கூடாது என்பது சரி. அதற்கு வழி, உலையிலேயே ஒரு உழக்கு அரிசியைக் குறைப்பதுதான். மிஞ்சியதை எல்லாம் உம்மாவின் வயிற்றில் போடுவது சிக்கனமல்ல. ஆண்களே, பிள்ளைகளே, உங்கள் உம்மாவையும் மனைவியையும் உங்களோடு உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். காயும் மீனும் அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

சுகர்காரருக்குத் தனிச் சமையல் என்றும் வைக்காதீர்கள். தனியாக வைத்தால் அது பத்து நாளில் நின்றுவிடும். வீடு முழுக்க ஒரே சமையல் என்றால் பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.

நடை

இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் சத்தம் அதிகம் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அவ்வளவு பலன் தருகிறது.

ஆண்களுக்கு எளிய வழி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன்பே முடித்துக்கொண்டு, பைக்கை எடுக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்து போங்கள். ஜமாஅத்தும் கிடைக்கும், நடையும் கிடைக்கும். தொழுகையில் குனிந்து எழுவது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் தொழுகிறேனே, நடை எதற்கு என்று சொல்லக்கூடாது. அது இபாதத், இது உடற்பயிற்சி.

பெண்களுக்கு ரோட்டில் நடக்கக் கூச்சம், இடமும் இல்லை. நான் மொட்டை மாடியில்தான் நடக்கிறேன். ஆண்கள் இஷாவுக்குப் போகும் நேரம் மாடியில் இருபது சுற்று. மாடி இல்லாதவர்கள் வீட்டுக்குள் நடையிலிருந்து அடுப்படி வரை நடங்கள். நாற்காலியில் கைவைக்காமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். கால் தசைக்கு அது நல்ல வேலை. பெண்களுக்காக வாரம் சில மணி நேரம் இந்த மண்டபத்து வளாகத்தைத் திறந்து விட வேண்டும் என்று அறக்கட்டளைப் பெரியவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கம்

தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் வேலை செய்வது குறையும். வளைகுடாவில் இருப்பவர் வேலை முடித்து, அறைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசும்போது இங்கே நடுநிசி ஆகிவிடுகிறது. பிறகு பஜ்ருக்கு எழ வேண்டும். பேச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை நீண்ட நேரம் பேசுங்கள், மற்ற நாட்களில் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஆண்களுக்கும் இதே செய்தி: குப்பூஸும் பெப்சியும் இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பதால், நம் பிள்ளைகள் முப்பது வயதிலேயே சுகரோடு ஊர் திரும்புகிறார்கள்.

நோன்பு மாதம்

நோன்பு இந்த நோய்க்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பகல் முழுக்கச் சேமித்ததை மஃரிப் நேரத்துப் பத்து நிமிடத்தில் இழந்துவிடுகிறோம். சாதாரணப் பேரீச்சம்பழம் ஒன்றில் ஒரு தேக்கரண்டி அளவு சர்க்கரை இருக்கிறது. பெரிய மெஜூல் வகையில் நான்கு தேக்கரண்டி. ஒன்று, தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி, கொஞ்சம் சுண்டல், இது போதும். சமோசாவும் வடையும் சர்பத்தும் தினமும் வேண்டாம். ஸஹரில் வெறும் சோறும் பழமும் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்கும். முட்டை, பருப்பு, காய் சேருங்கள்.

சுகர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் நோன்புக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான உலமாக்கள் கூறுகிறார்கள். ஐயம் இருந்தால் நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது ஈமானின் குறையல்ல.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, என் பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உணவும் நடையும் சரியானால் அளவைக் குறைப்பது டாக்டரின் வேலை. வெந்தயம், பாகற்காய் சாப்பிடுங்கள், தடையில்லை. ஆனால் அவை மருந்துக்குப் பதிலாகாது. இரண்டு, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் உடல் மெலிவு இருந்தால் 'டயட்' என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். கர்ப்பத்தில் சுகர் இருந்தவர்கள் பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகும் வருடம் தவறாமல் பாருங்கள்.

எனக்கு ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்து எச்பிஏ1சி 5.6க்கு இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். வேறு பெரிய ரகசியம் ஏதுமில்லை. தேநீர்ச் சீனி, கால் தட்டுச் சோறு, மாடி நடை, பத்தரை மணித் தூக்கம், இவ்வளவுதான். இடையில் இரண்டு கல்யாணத்தில் தவறினேன். மறுநாள் திரும்பத் தொடங்கினேன். பழைய பழக்கத்துக்குப் போனால் அந்த எண்ணும் பழையபடி ஏறும் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உம்மாவின் முந்தானையைக் கொஞ்சம் விலக்கிப் பின்கழுத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் பெண்பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள். கறுப்பு இருந்தால் தேய்க்காதீர்கள். நாளைக் காலை வெறும் வயிற்றில் இரத்தம் பார்க்க அழைத்துப் போங்கள்.

உடல்நலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொள்ளும் தெளிவையும் உறுதியையும் நம் எல்லோருக்கும் அவன் தந்தருள்வானாக. நோயில் இருப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.